இழுப்பவன்

ஏப்ரல்தான். ஆனாலும் கணப்பை அணைக்கக் கூடாது,
மெழுகு இறுகிவிடும் என்றார் ஹனோவரிலிருந்து வந்த லூடெக்கே.
ஜெனோவா துறைமுகத்தைப் பார்த்த விடுதி, மூன்றாம் மாடி.
ஜன்னல்களுக்குப் போர்வை அடைத்திருந்தது.
பியானோவை நான்கு மீன்பெட்டிகள்மேல் ஏற்றியிருந்தோம்;
வாசிக்க வந்த க்ளேலியா
செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார்.
சுவரிலிருந்து நீண்டிருந்தது தகரக் குழல்,
ஊமத்தம்பூ மாதிரி.

எளிய வேலை என்றார்கள்.
கப்பலில் மூட்டை இறக்கியவனுக்கு
ஒரு பாடகரின் இடுப்பைப் பிடிப்பது பெரிதா?
மந்தரத்தில் முகத்தைக் குழலுக்குள் தள்ளு.
உச்சம் வரும்போது பின்னால் இழு.
இழுக்காவிட்டால் ஊசி துள்ளும், மெழுகு கிழியும்,
கூலியில் பிடிப்போம்.

எர்மேத்தே வால்த்ரீகிக்கு அன்று வயது இருபத்தொன்பது.
சோம்பு மிட்டாயும் நனைந்த கம்பளியுமாக மணந்தார்.
சளி வேறு.
“மெல்லப்பா, நான் மாவு மூட்டை இல்லை” என்றார்
முதல் ஒத்திகையில்.
இரண்டாவதில் சிரித்தார்.
மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டுமென்று
காதலியின் சாவில் பாதியை வெட்டியிருந்தார்கள்.
மிச்சத்தை ஓட்டமும் நடையுமாக அழுதார்.

பின்னாளில் ஊர் அறிந்தது அவர் குரலை.
எனக்குத் தெரிந்தது அவர் விலா.
தொண்டைக்கு வருமுன் சுரம் அங்கே வந்துவிடும்.
படுத்திருக்கும் எருது பெருமூச்சு விடுவதுபோல
என் பத்து விரலும் அகலும்.
முதுகெலும்பில் ஒரு நடுக்கம் ஏறும்.
இழு.
பியானோவுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்,
அவருக்கே முன்னால்கூட இருக்கலாம்.

இரண்டு தட்டுகள் சரியாக வந்தன.
மூன்றாவதில்
விலா அகலவில்லை.
மூச்சே எடுக்காமல்,
மறந்துபோன கடனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து
மேசைமேல் வைப்பவர்போல
அந்த உச்சத்தை எடுத்து வைத்தார்.
நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.
அவ்வளவுதான்.
காலையிலிருந்து அப்போதுதான் முதல்முறையாகக்
காதால் கேட்டேன்.

ஊசி துள்ளியது.
லூடெக்கே ஜெர்மனில் ஏதோ சொன்னார், புரியாதது நல்லதாயிற்று.
சூடேற்றிய மெழுகு அன்றைக்கு வேறில்லை.
பாடகருக்கு ஏழு மணிக்கு ரயில்.
இருக்கட்டும் என்று அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள்.
எனக்கு இரண்டு லீரா போயிற்று.
அந்த வாரம் வெங்காயமும் ரொட்டியும்.

பதினெட்டு வருடம் கழித்து
பழைய தட்டு விற்கும் கடிகாரக்கடை பார்னபோ
என்னை உட்காரவைத்துக் கேட்கச் சொன்னான்:
“இந்த இடம், இந்த இடம். நெஞ்சு உடைகிறது பார்.
எப்படி அழுகிறான்!”
பேராசிரியர் ஒருவர் அதைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தாராம்.
வால்த்ரீகியே பேட்டியில் சொல்லியிருந்தார்,
அந்தக் கணத்தில் செத்துப்போன தங்கையை நினைத்தேன் என்று.
நினைத்திருக்கலாம்.
நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றவன், முகத்தைப் பார்க்கவில்லை.

ஒருமுறை மலிவு டிக்கெட்டில் மேல்மாடியில் உட்கார்ந்திருந்தேன்.
பலெர்மோவிலிருந்து வந்த புதுப் பையன், நல்ல தொண்டை.
அதே வரி. அதே உச்சம்.
அங்கே வந்ததும் வேண்டுமென்றே
குரலைக் கிழித்தான்.
அரங்கம் எழுந்து நின்றது.
பக்கத்தில் ஒரு மீன்காரி மூக்கைச் சிந்தினாள்.
நானும் எழுந்தேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்து
தொப்பியால் வாயை மூடிக்கொண்டேன்.

தட்டு சுழன்ற வேகம் எவ்வளவென்று
லூடெக்கே எங்கும் எழுதி வைக்கவில்லை.
பார்னபோ திருகை ஒரு பக்கம் திருப்பினால்
வால்த்ரீகி மீசை முளைக்காத பையனாகிறார்;
மறுபக்கம் திருப்பினால் தொப்பையோடு வந்து நிற்கிறார்.
இரண்டும் அவர் இல்லை என்கிறேன்.
உனக்கென்ன தெரியும் என்கிறான்.

இன்னும் அவனிடம் சொல்லவில்லை.
அழுகை என்று அவன் சொல்லும் இடத்துக்குச் சற்று முன்னால்,
கூர்ந்து கேட்டால்,
பலகையில் ஒரு செருப்பு தேயும் சத்தம் இருக்கிறது.
ஒரு கால் பின்னால் போகப் பார்க்கிறது.
தூசி என்று நினைத்துக்கொண்டு
ஒவ்வொரு தடவையும் அதன்மேல் ஊதுகிறான்.