அரைப் பேர்

தேயிலை ஏறிய மட்டும்தான் எங்களுக்கு மலை.
ஏழாம் நம்பர் மலை, பன்னிரண்டாம் நம்பர் மலை,
கவ்வாத்து வெட்டிய மலை.
மலைக்குப் போகிறேன் என்றால்
கூடையோடு போகிறேன் என்று அர்த்தம்.

அதற்கும் மேலே, கடைசி நிரை முடிகிற இடத்திலிருந்து
மானாப்புல்லும் கரும்பாறையுமாய்
எழும்பி நிற்கிறதே ஒன்று,
அதை நாங்கள் மலைக் கணக்கில் சேர்த்ததில்லை.
அங்கே கொழுந்து இல்லை, ஏறினால் பேர் விழாது.
பேர் போடாத இடத்துக்கு
எதற்குப் பேர்?
விறகுக்குப் போகிறவர்கள் நாடியால் காட்டி
"அங்கிட்டு" என்பார்கள், அவ்வளவுதான்.

போன ஐப்பசியில்
மண்சரிவு ஆபீசிலிருந்து ஹேமந்த மாத்தயா வந்தார்.
ஜீப்பின் முகப்பில் படிவத்தை விரித்துக்கொண்டு
"இந்தக் கந்தைக்குப் பேர் என்ன?" என்றார்.
கிழிசலுக்கெல்லாம் பேர் கேட்கிறாரே என்று
பின்வரிசையில் பெண்கள் சிரித்தார்கள்.
குளவிமலை என்று எழுதச் சொன்னாள் சந்தனமேரி,
அவள் புருசன் அங்கேதான் கொட்டு வாங்கினான்.
கோயில் தலைவர் முருகன் பேரில் ஒன்று யோசித்தார்,
கூடவே நன்கொடைப் புத்தகத்தையும் எடுத்தார்.
தோட்டத்து வரைபடத்தில்
பன்னிரண்டுக்கு மேல் வெறும் தாள் என்றார் கணக்கப்பிள்ளை.
மாத்தயா அந்தக் கட்டத்தில்
ஒரு கோடு கிழித்தார்.

மழைமானியை என்னிடம் தந்துவிட்டுப் போனார்கள்.
லயத்தின் கடைசிக் காம்பிரா என்னுடையது,
போனில் எப்போதும் காசு வைத்திருப்பேன், அதுதான் காரணம்.
நூற்றைம்பதைத் தாண்டினால் கோல் பண்ண வேண்டும்.

கார்த்திகை விளக்குக்கு முந்தின இரவு
நூற்று அறுபத்திரண்டு.
டோச் வெளிச்சத்தில் இரண்டு தரம் பார்த்தேன்.
அப்போதுதான் உறைத்தது:
மழை இரைகிறது,
பீலியில் மட்டும் சத்தமில்லை.
இத்தனை தண்ணீரை
மேலே ஏதோ ஒன்று குடித்துக்கொண்டிருக்கிறது.

போனை எடுத்த பிள்ளை
"பேர் சொல்லுங்க அக்கா" என்றது.
யோகமலர் என்றேன்.
"மலையா?"
மலைதான், மலைதான், பீலி நின்னுபோச்சு, என்று கத்தினேன்.

பதினெட்டுக் கதவுகளைத் தட்டினேன்.
ஸ்டோரில், வாட்டின கொழுந்து வாடையில்,
ஈரப் படங்குகளைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை இருந்தோம்.
பாதி வந்தது.
கக்கூஸ் வரிசையையும் ஒரு கொய்யா மரத்தையும்
எடுத்துக்கொண்டு
பாதி இன்னும் மேலேயே நிற்கிறது.

காலைப் பிரட்டுக்குப் பிந்தி வந்தோம் என்று
எல்லோருக்கும் அரைப் பேர் போட்டார் கங்காணி.

இப்போது மழை வலுத்தால்
தோட்டத்துப் போன்களிலெல்லாம் செய்தி விழுகிறது:
யோகமலர் மலை, சிவப்பு.
யோகமலர் மலை, வெளியேறவும்.
"உனக்கு எப்ப கோபம் அடங்கும்?" என்று
பீலிக்கரையில் கேலி பண்ணுகிறார்கள்.
என் பேரைத் திருத்தச் சொல்லி
இரண்டு கடிதம் போட்டேன்.
வேறு பேர் இருந்தால் தெரிவிக்கவும் என்று பதில் வந்தது.
ஏழு பேர்ச் காணி தருவதாகச் சொன்ன கடிதத்துக்கு
அதுவும் வரவில்லை.

சில நேரம் தண்ணீர் கோதும்போது அண்ணாந்து பார்ப்பேன்.
என் பேரைச் சுமந்துகொண்டு,
இடுப்பில் சிவப்பாய்ப் பிளந்த மண்ணோடு
அவள் நிற்பாள்.
முகத்தில் பனி.
பெரிதாய் ஒன்றும் தோன்றாது.
இன்னும் எவ்வளவு தாங்குவாய் என்று
ஒரு பொம்பளையிடம் கேட்கிற மாதிரிக் கேட்பேன்.

இன்று எட்டு மில்லிமீற்றர்.
கொப்பியில் எழுதியாயிற்று.
மலைக்குப் போகிறேன்.