கொம்பும் காலும்

டார்வினில் இது மழைக்கு முந்தைய மாதம்.
நாலு மணிக்கெல்லாம் வானம் கறுக்கும், இடிக்கும்,
பிறகு மறந்துவிட்டதுபோலப் போய்விடும்.
நைட்கிளிஃபில் ஒரு வாடகை மண்டபம்,
நாங்கள் பதினொரு பேர்,
பாடுவதும் மழையைப் பற்றித்தான்.
என் வேலை தாள்கள்.

பத்தொன்பதாம் தாளக்கட்டத்தில்
'கொண்டல்' வரி தாண்டி நீளும் இடத்தில்
சொல் உடைந்திருந்தது.
கொம்பும் ககரமும் மேல்வரியின் ஓரத்தில்.
கால் மட்டும் கீழ்வரியில்,
அதற்கு முன்னால் ஒரு புள்ளிவட்டம்,
ஆள் வராத நாற்காலி மாதிரி.

அருள்வேந்தன் கடமை தவறாதவர்.
தாளில் உள்ளதை உள்ளபடி பாடினார்:
"கெ..." மூச்சு எடுத்து, "...ஆண்டல்."
செவ்வந்தி சிரித்த சிரிப்பில்
ஆல்ட்டோ மொத்தமும் நின்றது.

இரவு வழுவைப் பதிந்தேன்.
எதிர்பார்த்தது: கொ.
கிடைத்தது: கெ, பிறகு அநாதையாய் ஒரு கால்.
வரிசையில் எனக்கு முன்னால்
அச்சில் காணாமல்போன மௌனங்கள்,
தலைகீழாய் நின்ற சுரங்கள்,
மூன்று வருடமாய் யாரும் தொடாத ஒரு டிரம்பெட்.

மறுநாள் கெர்டா எழுதினாள்.
துலூத், ஏரிக்கரை, பனி இறங்கிவிட்டதாம்.
அந்த வட்டம் எழுத்தின் பகுதியா, என்று கேட்டாள்.
பிறகு: என் கணினியில் உடையவில்லையே.

உடையவில்லையே.
மருத்துவர் முன் உட்கார்ந்ததும்
வலி நின்றுவிடுகிற சங்கடம்.

குறைக்கத் தொடங்கினேன்.
பியானோவை எடுத்தேன். உடைந்தது.
சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர் எழுந்து போனார்கள். உடைந்தது.
நூற்றுப் பத்துக் கட்டங்கள் இரண்டாயின,
நடுவே ஒரு வரிமுறிவு,
மெட்டுப் போய் ஒரே சுரம்.
அப்போதும் உடைந்தது.
இவ்வளவு வெறுமையில் ஒன்று உடைவதைப் பார்க்க
வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும்.

சொல்லை அழித்து நானே தட்டினேன்.
உடையவில்லை.
செவ்வந்தியின் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினேன்.
உடைந்தது!

இரண்டு கொ.
பூதக்கண்ணாடி வைத்தாலும் ஒன்றே.
உள்ளே, என்னுடையது ஒற்றைக் குறியீடு.
அவள் விசைப்பலகை தந்ததில்
கொம்பு தனி, கால் தனி,
பக்கம் பக்கமாய் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.
வரி முறிகையில் மென்பொருள்
அந்த இடுக்கில் கத்தி வைக்கிறது.

அனுப்பினேன். பதில்:
"இப்போது எனக்கும் உடைகிறது!"
அந்த மாதம் யாரும் எனக்கு
இவ்வளவு ஆறுதலாய் எதுவும் சொல்லவில்லை.

இடையில் ஒருவர் கேட்டார்,
திரும்பத் தட்டிக்கொண்டால் போதாதா?
போதும். இலக்கணத்தில் அதற்கு
வழுவமைதி என்று பெயர்.
ஆனால் செவ்வந்தியின் விசைப்பலகை
இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறதோ.

தன் பெயரைத் தமிழில் பார்க்கவேண்டும் என்றாள் கெர்டா.
எழுதிக் காட்டினேன்.
கொம்பு இருக்கிறது, பின்னால் கால் இல்லை,
எந்த வரியிலும் நீ முறியமாட்டாய்.

திருத்தம் ஆறே வரி:
வெட்டுமுன், சேர்ந்திருப்பவர்களை ஒருவராய் எண்ணு.
என் இரண்டு கட்டங்களையும்
சோதனைக் கோப்புகளோடு வைத்துவிட்டாள்.
இனி யார் எதை மாற்றினாலும்
எங்கோ ஒரு கணினி கொண்டலை
வரி தாண்டி இழுத்துப் பார்க்கும்,
பொருள் தெரியாது, சத்தமும் வராது,
முழுசாய் இருக்கிறதா என்று மட்டும்.

வியாழன் ஒத்திகை. புதுத் தாள்கள்.
அருள்வேந்தன் பழக்கத்தில் "கெ" என்று தொடங்கி
நாக்கைக் கடித்துக்கொண்டார்.
வெளியே இடி, துளிகூட இல்லை.
செவ்வந்தி தாளை விளக்கருகே பிடித்து
என்னைப் பார்த்தாள்:
ணகரத்தின் தலையில் இருந்த புள்ளியை
மேலே வளையும் கோடு விழுங்கியிருந்தது.
கொண்டல் இப்போது கொணடல்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு
புதிய பதிவு ஒன்று திறந்தேன்.
எதிர்பார்த்தது: ஒரு புள்ளி.