நார்ச்சி

காகிதக் கீற்றுகளை விசிறியாய் விரித்தாள் நொசிப்போ.
"எந்த வாசம் பிடிக்கும் உங்களுக்கு?"

ஐம்பத்தொரு வயதில் இந்தக் கேள்வி புதிது.
இதுவரை வந்ததைப் பூசிக்கொண்டேன்:
ஆபீஸ் கிறிஸ்துமஸ் குலுக்கலில் விழுந்தது,
தயாளன் விமான நிலையத்தில் கடைசி நிமிடம் பிடித்தது,
தலைவலி என்று நாத்தனார் தள்ளிவிட்டது.

"தெரியவில்லை" என்றேன்.
"மூக்குக்குத் தெரியும்," என்றாள். "வாய்க்குத்தான் தெரியாது."

மேலே வருவது பத்து நிமிடம்,
வாசலில் கைகுலுக்கிவிட்டுப் போய்விடும்.
நடுவில் இருப்பது, பூவோ மிளகோ ஏலமோ,
மதியச் சாப்பாடுவரை உட்கார்ந்து பேசும்.
கடைசியில் அடிமணம்.
அதுதான் சட்டையோடு தூங்கும்,
மறுநாள் அழுக்குக்கூடையில் எழுந்திருக்கும்.
"விலையைப் பார்க்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள்."

அடி என்றதும் எனக்குச்
சட்டியின் அடிதான் வந்தது, தீய்ந்த பருப்போடு.
சொல்லவில்லை.

இடது மணிக்கட்டில் ஒன்று, வலதில் ஒன்று.
தேய்க்க வேண்டாம் என்றாள்.
மூக்கு மரத்தால் முழங்கை மடிப்பை முகரச் சொன்னாள்;
காப்பிக்கொட்டை எல்லாம் கடை அலங்காரமாம்.
என் முழங்கை மடிப்பில்
சன்லைட் சோப்பும் நானும் இருந்தோம்.

நாற்பது நிமிடம் கேட்வே மாலைச் சுற்றினேன்.
வலது கையில் முதலில் ரோஜா,
கல்யாண வீட்டு ரோஜா, பரவாயில்லை.
செருப்புக்கடை தாண்டியதும் ரோஜா எழுந்து போயிற்று.
அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது வேறு யாரோ.
தோல். புகை. தார்.
மூடிய ஜன்னலின் இடுக்கில் நுழைகிற ஒன்று.

எஸ்கலேட்டர் முன்னால் அப்படியே நின்றேன்,
பின்னால் வந்தவர் முட்டிக்கொண்டார்.

மெரிபேங்க்.
எண்ணெய் ஆலைகளுக்கும் காகித ஆலைக்கும் நடுவே
நாங்கள் துணி காயப்போட்ட இடம்.
வெள்ளைச் சட்டை கொடியிலேயே பழுப்பாகும்.
ராத்திரி வானம் ஆரஞ்சு; விளக்கில்லாமல் பாடம் படித்தோம்.
தம்பி குணசீலனின் வகுப்பில்
முப்பத்திரண்டு பிள்ளைகள், பதினெட்டு பம்பு.
விளையாட்டுப் பீரியடுக்கு முன் வரிசையாக நின்று
உஸ் உஸ் என்று இழுப்பார்கள்.
உள்ளூர் சென்ட் என்பான் அவன்.

திரும்பிப்போய் விலை கேட்டேன்.
நாலாயிரத்து இருநூறு ரேண்ட்.
"பிர்ச் மரத்துத் தார். பெரிய ஆட்கள் பெயர் சொல்லிக் கேட்பது."

சிரிப்பை அடக்க முடியவில்லை.
எங்களுக்கு அது வீடு தேடி, சும்மா வந்தது.
தலையும் இல்லாமல் நடுவும் இல்லாமல்
நேராக அடிமணம்.

பழைய தமிழில் நாற்றம் என்றால் நறுமணம்தானாம்.
எந்த நூற்றாண்டில், யார் வீட்டுக் காற்றில்
அந்தச் சொல் கெட்டதோ.

ஏன் சிரிப்பு என்று கேட்டாள். சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
"நான் உம்லாஸி. காற்று திரும்பினால் எங்களுக்கும் வரும்.
இதை இருபது பேருக்காவது விற்றிருப்பேன்.
வீட்டுக்குப் போனதும் கை கழுவுவேன்."

இடது கையை நீட்டினேன். அதில் ஒன்றுமே இல்லை.
"அது நார்ச்சி," என்றாள்.
"தோல் உரிக்கும்போது தெறிக்குமே, அவ்வளவுதான்.
நிற்காது. விலை மலிவு. நான் சிபாரிசு செய்யமாட்டேன்."

நார்ச்சி.
நம் நாரத்தைதான்.
எந்த மாலுமியின் வாயில் ஏறியதோ,
வழியில் சுருங்கி, இங்கே வேறு பழமாய் இறங்கியது.
எங்களுக்கெல்லாம் முன்னால்
கப்பல் எண் இல்லாமல் வந்த ஆள்.

"அதையே கொடு."
"பத்து நிமிடம்தான் இருக்கும்."
"தெரியும்."

டாக்ஸியில் பதினைந்து பேர். மழை. கண்ணாடி ஏற்றியிருந்தது.
வலது கையை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டேன்.
கிளேர்வுட் வருவதற்குள்
பைக்குள்ளிருந்து எடுத்துக் கழுத்தில் ஒரே ஒரு அழுத்து.

ஓட்டுநர் தலையைத் திருப்பாமல் கேட்டார்:
"யாரது, நார்ச்சி உரித்துத் தனியாகத் தின்பது?"

எல்லாரும் பக்கத்து மடியைப் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்.