காது நீங்கலாக

விராக் ஊருக்கு மேற்கே, பட்டறையின் பின்பக்கம்
பன்னிரண்டு குழி வெட்டினோம்.
முழங்கை ஆழம்தான்.
குழிக்கு ஒரு முகக்கவசம்,
மேலே ஐஸ்கிரீம் குச்சி, குச்சியில் எண்.
அறுபது நாளில் மண்ணாகிவிடும் என்று
பெட்டிகளில் ஏற்கெனவே அச்சடித்தாயிற்று.
அது பொய்யாகிறதா என்று பார்க்க வேண்டியது
ஹெர்மினியாவும் நானும்.

அபாக்கா, வாழைக்கு ஒன்றுவிட்ட தங்கை.
பழம் கேட்டால் விதையைத் தருவாள்.
மடலைக் கத்திக்கடியில் செருகி
கிறிஸ்புலோ இழுக்கும்போது
அவன் முதுகு ஒருமுறை வில்லாகும்,
சாறு முழங்கை வழியே ஒழுகும்,
கையில் மிஞ்சுவது
நனைந்த வெயில்போல் ஒரு கற்றை.

அதைக் கூழாக்கி, தாளாக்கி, மடித்துத் தைத்து
அந்த வருடம் முழுக்க மூச்சுக்கு முன்னால் கட்டினோம்.
பூவோடு சேர்ந்தால் நாரும் மணக்குமாம்.
எங்கள் நார் சேர்ந்தது
கருவாட்டு ஏப்பத்தோடு,
ஆஸ்பத்திரி வரிசையில் விழுங்கிய சொற்களோடு.

பதினைந்தாம் நாள், முதல் குழி: ஓரம் கறுத்திருந்தது.
முப்பதாம் நாள், நான்காவதில்
எறும்புகள் சாலை போட்டிருந்தன.
ஐந்தாவதை நாய் தோண்டிவிட்டது. அது கணக்கில் இல்லை.
ஆறில் மழை தேங்கியது,
கரண்டியால் அள்ளினோம், கஞ்சிபோல்.

அறுபதாம் நாள், ஏழாவது.
ஹெர்மினியா விரலால் துழாவினாள்.
தாளைக் காணோம்,
முத்திரையின் நீல எழுத்தைக்கூடக் காணோம்.
“போயே போச்சு” என்று எழுந்தவள்
மறுபடி குனிந்தாள்.

இரண்டு காதுப் பட்டைகள்.
நேற்று வாங்கியவைபோல் இழுபட்டன.
நடுவே ஒரு கம்பி,
யாருடைய மூக்கோ, அந்த வளைவோடு.

முகத்தைத் தின்றுவிட்டு
காதையும் மூக்கையும்
தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தது மண்.

நானூறு பெட்டி. என்ன செய்வதென்று கேட்டாள் முதலாளியம்மா.
ஹெர்மினியா உட்கார்ந்து
ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதினாள்:
காது நீங்கலாக. மூக்கு நீங்கலாக.

கிறிஸ்புலோ பச்சை நாரைத் தொடையில் வைத்துத் திரித்து
“இதைக் கட்டிப் பாருங்கள்” என்றான்.
அவனையே கட்டச் சொன்னோம்.
சாயங்காலம் அவன் காதுகள்
சேவல் கொண்டையாய்ச் சிவந்திருந்தன.
கோபத்தில் கழற்றி எறிந்தான்.
எறிந்ததை எடுத்துப் பதின்மூன்றாம் குழியில் இட்டோம்.

குச்சி தீர்ந்திருந்தது.
மை தீர்ந்த அந்தப் பேனாவையே நட்டோம்.
அடையாளம் தப்பாது,
அது எங்கும் போகப்போவதில்லை.