எடைச் சீட்டு

ஷார்ஜா, சஜா தொழிற்பேட்டை, ஷெட் எண் பதினான்கு.
உரிமத்தில் என் பெயர் செண்பகவல்லி.
அரபியில் அது பாதியிலேயே நின்றுவிட்டது.
தட்டச்சு செய்தவருக்குத் தொழுகைக்கு நேரமாகியிருந்தது.

எளிய வேலை என்று நினைத்துத்தான் இறங்கினேன்.
செத்த கணினிகளைக் கிலோ கணக்கில் வாங்குவது,
பிரிப்பது, விற்பது.
செம்பு தனி. அலுமினியம் தனி.
பச்சைப் பலகைகள் கப்பலேறி பெல்ஜியம் போகும்.
தங்கம் அதில்தான் இருக்கிறது என்கிறார்கள்,
என் கழுத்துவரை இன்னும் வந்தபாடில்லை.
பழைய மானிட்டர் கண்ணாடியை எவரும் வாங்குவதில்லை;
அதைத் தள்ளிவிட நான்தான் காசு கொடுக்க வேண்டும்.

ஆகஸ்டில் பேட்டரிகள் வீங்கும்.
அவற்றை மணல் வாளியில் படுக்க வைத்து
ஏசி அறையில் பூட்டுகிறோம்.
நாங்கள் பத்துப் பேரும் தகரத்துக்குக் கீழே.
"மேடம், நானும் கொஞ்சம் வீங்கிக்கொள்ளட்டுமா?"
என்பான் மொஃபஸல்.

வாடகைக்கு நான்கு காசோலை, தேதி போட்டுக் கொடுத்தாயிற்று.
அப்படி ஒரு தேதிக்கு ஆறு நாள் முன்னால்
அந்தக் கட்டுமானக் கம்பெனியின் லாரி வந்தது.
இருநூறு கணினி, ஒரு சர்வர் அலமாரி,
கூடவே ஓர் அரிசிச் சாக்கு.
சாக்குக்குள் செல்போன்கள். அறுபத்தொன்று.
'முகாமில் உரிமை கோரப்படாதவை' என்றது தாள்.
எண்ணி, எடைபோட்டு, அரைத்து,
வீடியோவோடு சான்றிதழ் தர வேண்டும்.
இரட்டிப்புக் கட்டணம்.
ஏன் இரட்டிப்பு என்று நான் கேட்கவில்லை.
கேட்காமலிருப்பது என் தொழிலில் பாதி.

மறுநாள் சாயங்காலம் கேட்டில் ஒருவர், சைக்கிளோடு.
கீம் பகதூர், நேபாளம்.
ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்திருக்கிறார்.
திரும்பி வந்தால் கட்டிலில் வேறு ஆள்.
அவருக்குத் தெரிந்த இந்தியில்,
எனக்கு அரைகுறையாய்ப் புரிந்த இந்தியில் சொன்னார்:
எட்டு மாத ஓவர்டைம் தாள்களைப் படம்பிடித்து
செல்லுக்குள் வைத்திருக்கிறார்.
திங்கட்கிழமை தொழிலாளர் நீதிமன்றம்.
மூலையில் விரிசல். பின்னால் கால்பந்து ஸ்டிக்கர்.

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன்.
நாலாம் பக்கம், மூன்றாம் பத்தி. சந்தேகத்துக்கே இடமில்லை.
தலை நிமிர்ந்தால், நான் சொல்லாமலே
மொஃபஸல் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான்.

நல்லவள் என்று நினைத்துவிட வேண்டாம்.
முதலில் மனதில் வந்தது காசோலைத் தேதி.
இரண்டாவதாக வந்ததும் அதுதான்.
பிறகுதான் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன்,
தினமும் ஒரு நகம் சுரண்டிச் சுரண்டி
பந்து மட்டும் மிஞ்சியிருந்தது, ஆட்டக்காரன் இல்லை.

தராசில் வைத்தேன்.
நூற்று எழுபத்திரண்டு கிராம்.
என் மேசை டிராயரில் ஸ்பீக்கர் போன செல் ஒன்று கிடந்தது.
நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
மாற்றினேன்.

பேட்டரிகளைப் பிடுங்கித் தனியே எடைபோட்டு
மிச்சத்தை கேமரா முன்னால் கொட்டினோம்.
இயந்திரம் யாருடையது என்று கேட்பதில்லை.
என்னுடையது நாற்பதாவதாக விழுந்ததோ என்னவோ.
வந்தபோது பத்துக் கிலோ இருநூற்று முப்பத்தாறு கிராம்.
முடித்தபோது எல்லாம் சேர்த்து இருநூற்று ஐம்பத்தெட்டு.
இந்தத் தொழிலில் எடை குறையும்.
கூடி நான் பார்த்ததில்லை.
சான்றிதழில் ஓர் எண்ணைத் திருத்தினால் போதும்.
திருத்தவில்லை.
ஒரு சாக்குக்கு ஒரு பொய் போதும் என்று பட்டது.

பணம் வந்தது. காசோலை பிழைத்தது.
திங்கட்கிழமை என்ன ஆயிற்று, தெரியாது.
என் எண்ணை அவருக்குக் கொடுக்கவில்லை,
வேண்டுமென்றேதான்.

மூன்று மாதமாக அந்த லாரி இந்தப் பக்கம் வரவில்லை.
கணக்கர் யாராவது ராத்திரி உட்கார்ந்து
இருபத்திரண்டு கிராமைக் கண்டுபிடித்திருக்கலாம்.
இல்லை,
அவர்களிடம் இப்போதைக்கு
உடைக்க எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.