வெள்ளிக்கிழமைச் சங்கு

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு
அணையின் சங்கைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை.
ஒரு நிமிடம். பேரேட்டில் ஒரு கையெழுத்து.
கீழே புக்கிட் செராய் டவுனில்
அந்தச் சத்தத்துக்குத்தான் கோப்பி கலக்குவார்கள்.
ஆ கியோங் கடையில் கடிகாரம் கிடையாது.

மற்ற நாட்களில் நான் சுவருக்குள் நடக்கிறவள்.
நூற்றுப் பதினாறு படி இறங்கினால்
காங்கிரீட்டின் வயிற்றில் ஒடுங்கிய ஒரு வழி,
ஓரமாய் வாய்க்கால், அதன் குறுக்கே வெட்டுப் போட்ட தகடு.
எல்லா அணையும் ஒழுகும்.
ஒழுகாத அணை என்று எவராவது சொன்னால்
அவர் அளந்து பார்த்ததில்லை.
நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், தெளிவா, கலங்கலா?
கலங்கல் என்றால் தண்ணீர் உள்ளே எதையோ தின்கிறது.
பதினோரு வருடமாய்த் 'தெளிவு' என்றே எழுதி வருகிறேன்.

கட்டியபோது ஆற்றை முதலில் இடப்பக்கம் ஒதுக்கினார்கள்,
பிறகு வலப்பக்கம்.
பழைய வரைபடத்தில் அது இரண்டு அம்புக்குறி.
இடையில் மூன்று மழைக்காலம்.
சிமெண்டு இறுகும்போது உள்ளே கொதிக்கும்,
அவசரப்பட்டால் வெடிக்கும். அதனால்
ஐந்தடி ஊற்று, ஐந்து நாள் பொறு,
சாக்கைப் போர்த்தி நனைத்துக்கொண்டே இரு.
நனைக்க வந்தது தோட்டத்துப் பெண்கள்.
கூலிப் பதிவேட்டில் பார்த்தேன்:
'நனைப்பு. பெண். பதினான்கு. அரைச் சம்பளம்.'
பெயர் இல்லை.
சிமெண்டுப் பீப்பாய்க்கு எண் இருந்தது,
அது வந்த கப்பலுக்குப் பெயரும் இருந்தது.

மின்சாரம் ஈயச் சுரங்கத்துக்குப் போனது,
லயத்துக் கூரைகளுக்கு மேலாகவே.
மழை நாளில் கம்பி ரீங்கரிக்கும்.
கீழே மண்ணெண்ணெய் விளக்கில்
ஊறுகாய்க்கு எலுமிச்சை அரிவார்கள்.
முதல் பல்பு கிராணி வீட்டில் எரிய முப்பத்தெட்டு வருடம்,
லயத்துக்கு இன்னும் ஒன்பது.
இதைச் சொன்னால் துவான் ஹபிசுடின்,
"அது கம்பி இலாகா. நாம் தண்ணீர் இலாகா" என்பார்.
உண்மைதான்.

அந்த டிசம்பரில் நான்கு நாள் மழை.
ஏரியில் பாதி ஏற்கெனவே சேறு,
மேலே மலையை வழித்தவர்கள் அனுப்பிவைத்தது.
மீதிப் பாதிக்குள் நான்கு நாளும் அடங்கவில்லை.
இரண்டு ஐம்பதுக்கு உத்தரவு வந்தது:
சங்கை ஊது. பத்து நிமிடம் கழித்து இரண்டாம் மதகைத் திற.
ஹபிசுடின் கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் நாட்காட்டியைப் பார்த்தேன்.
வெள்ளி.

"முன்னாடியே ஊதலாமா?"
"இப்பவே ஊது."
மோட்டார் சூடேற எட்டு நிமிடம் எடுத்தது.
சரியாக இரண்டு ஐம்பத்தெட்டு.
கேமராவில் டவுன் தெரிந்தது, மழையில் கலைந்த கோலம் மாதிரி.
ஒருவரும் அசையவில்லை.
ஆ கியோங் தண்ணீரைக் கொதிக்கவைத்திருப்பார்.
ஒரு நிமிடம் ஆனது. விரலை எடுக்கவில்லை.
இரண்டு.
யாரோ குடையோடு வாசலுக்கு வந்தார்.
மூன்றாம் நிமிடம் ஆ கியோங் தெருவில் நின்றார்,
கையில் சல்லடைத் துணி.
நான்காவதில் எல்லோரும் ஓடினார்கள்.
அன்று ஊருக்குச் சேதி சொன்னது சத்தமல்ல,
அது நிற்காததுதான்.

மதகு முதலில் அரை மீட்டர். பிறகு ஒன்று.
அதன்பின் எண்கள் எனக்கு ஞாபகமில்லை.

என் வீடு தாழ்வில். சன்னல் வரை தண்ணீர்.
குயிலி அக்காவின் நான்கு தையல் இயந்திரங்கள்,
சலூன் நாற்காலிகள்.
மாட்டை அவிழ்க்கத் திரும்பிப் போன செங்கோடன்.
மாடு வந்துவிட்டது.
"நீதானே சங்கு ஊதினே" என்றாள் அவர் மகள் வாசுகி.
தமிழில் அதற்கு இரண்டு அர்த்தம்.
அவள் எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளி. விதிப்படி சோதனை.
துண்டறிக்கை கொடுத்தோம், பள்ளிவாசலிலும் கோயிலிலும் சொன்னோம்.
ஊதினேன்.
டவுன் முழுக்கத் தெருவுக்கு வந்து நின்றது,
சேறு காயாத செருப்போடு.
ஒரு நிமிடம். நிறுத்தினேன்.
அவர்கள் உள்ளே போகவில்லை.
நின்றுவிட்டதா என்று நின்று கேட்டார்கள்.

படி இறங்கி அளந்தேன்.
தெளிவு.

இப்போது ஆ கியோங் கடையில் ஒரு கடிகாரம் இருக்கிறது.
வெள்ளிக்கிழமைகளில் கோப்பி
மூன்றேகாலுக்கு.