ஒருவருக்குப் பன்னிரண்டு கிலோ

முர்காபில் மின்சாரம் இரவு எட்டுக்கு வரும்,
வந்தால்.
அதற்குள் உங்கள் பதினேழு கேள்விகளுக்கும்
தாளில் பதில் எழுதி வைத்துவிடுகிறேன்.

வெந்நீர்க் குளியல்:
நான்காம் நாள், பிறகு எட்டாம் நாள்.
நடுவே மூன்று நாளில்
உங்கள் வாசம் உங்களுக்கே பழகிவிடும்.

இறைச்சி உண்ணாத அந்த ஒருவருக்கு
ரொட்டி உண்டு, யாக் தயிர் உண்டு.
ஓஷிலிருந்து வரும் லாரியில்
உறையாமல் வந்துசேர்ந்தால் உருளைக்கிழங்கும்.

மலைநோய் வருமா?
வரும்.
தலைக்கனம் இல்லாதவருக்கும்
தலை கனக்கும் உயரம் இது.
முதல் இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும்.
சும்மா என்றால் என்ன செய்வோம் என்று
பத்தாவதாகக் கேட்டிருக்கிறீர்கள்.
கன்டெய்னர்ச் சந்தையில் நடக்கலாம்,
நின்று நின்று.
எங்கள் நாய்கள்கூட ஓடிவந்து குரைப்பதில்லை,
ஓடும், அல்லது குரைக்கும்.

அனுமதிச் சீட்டு என் பொறுப்பு.
நகல் ஆறு, முத்திரை நான்கு,
முத்திரை வைப்பவரின் மகளுக்குக் கல்யாணம்,
ஆகவே வியாழனுக்குப் பிறகு.
ஜீப் மாமத்யாரின் பொறுப்பு.
புதன்கிழமையிலிருந்து அதன் அடியில்தான் படுத்திருக்கிறார்,
கால்கள் மட்டும் தெரிகின்றன,
கால்களிடம்தான் கணக்குப் பேசுகிறேன்.

ஆறாம் நாள் இரவு மட்டும்
எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.
போன வருடம் அது ஆற்றுத் திருப்பத்தில் இருந்தது,
துர்தகான் வீட்டுக் கூடாரத்தில், அடுப்புக்கு இடப்பக்கம்.
இந்த வசந்தத்தில் அங்கே புல் வரவில்லை.
புல் போன திசையில் யாக்குகள் போயின,
யாக்குகளின் பின்னால் வீடு போயிற்று.
பத்தொன்பது கோடையாக வழிகாட்டுகிறேன்.
வரைபடத்தில் இடம் அப்படியே இருக்கிறது,
இடத்தில்தான் யாரும் இல்லை.

செம்மறி வாங்கப் போகும் வியாபாரியிடம்
சீட்டு ஒன்று கொடுத்தனுப்பினேன்:
விருந்தினர் ஆறு பேர், ஜூலை இருபத்து மூன்று,
ஓர் இரவு. ஒருவர் இறைச்சி தொடமாட்டார்.

பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது,
தேயிலைப் பொட்டலத்தின் உள்பக்கத்தில்,
ஷய்ர்குல்லின் பென்சில் எழுத்து:

*இரண்டு கணவாய் தாண்டி இருக்கிறோம்.
ஜீப் நிற்கும் இடத்திலிருந்து மூன்று மணி நேர நடை.
மாவு ஒரு மூட்டை.
தோல் தைக்கிற ஊசி, தடித்தது.
விளக்குக்கு பேட்டரி.
கால்நடை டாக்டர் உயிரோடு இருந்தால் வரச் சொல்.
பையன் கணக்கில் எத்தனை வாங்கினான் என்று பள்ளியில் கேள்.
விருந்தாளிகளையும் கூட்டி வா.
இறைச்சி தொடாதவருக்கு என்ன வியாதி?*

இரண்டு முறை படித்தேன்.
அடுப்பில் தெரெஸ்கென் வேர் புகைந்தது,
கண் எரிந்தது அதனால்தான்.

பதினான்காம் கேள்விக்கு வருகிறேன்.
மற்ற வழிகாட்டிகள் இருபது கிலோ சுமை அனுமதிக்க
நான் ஏன் பன்னிரண்டு என்கிறேன்?
ஆறெட்டு நாற்பத்தெட்டு.
ஒரு மூட்டை மாவு ஐம்பது கிலோ.
மீதி இரண்டை என் பையில் போட்டுக்கொள்கிறேன்.
ஜீப் நிற்கும் இடத்துக்கு அவர்கள் யாக் அனுப்புவார்கள்,
மாவுக்கு.
நீங்கள் நடப்பீர்கள்.

கடைசிக் கேள்வி.
ஆளே இல்லாத இடம்தானே என்று
நீங்கள் கோடு போட்டுக் கேட்டிருக்கிறீர்கள்.
இருக்கிறார்கள்.
ஊசி கேட்டிருக்கிறார்கள்.

எட்டு மணி ஆகிவிட்டது, பல்பு மினுங்குகிறது,
நிற்குமா தெரியவில்லை.
தோல் தைக்கும் ஊசி, தடித்தது,
உங்கள் ஊரில் கிடைத்தால் வாங்கி வாருங்கள்.
அதன் எடையைக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

இப்படிக்கு,
பெகாயிம்